ஒன்பதிலிருந்து இருபத்தொன்றுக்கு

இருபத்தொன்று. வெங்கடபதி ஆர்., பழைய எண் ஒன்பது, புதிய எண் இருபத்தொன்று, திங்கட்கிழமை முதல். காலையில் கிளப் வராந்தாவின் அறிவிப்புப் பலகையில் என் பெயருக்கு நேராக இதைப் பார்த்தபோது யாரோ தட்டச்சில் தவறிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன், பக்கத்தில் நின்றவரிடம் காட்டிச் சிரிக்கக்கூடச் செய்தேன், அவர் சிரிக்கவில்லை, ஷூ நாடாவைக் கட்டக் குனிந்துகொண்டார். இப்போது மணி ஒன்பதே முக்கால். பதினோராவது குழியின் ஆரம்ப மேட்டில் மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், சித்திரை வெயில் பிடரியில் அடிக்கிறது, கையுறைக்குள் விரல்கள் மட்டும் சில்லென்றிருக்கின்றன, இது எப்படி என்று தெரியவில்லை, பந்து வெள்ளையாகக் கீழே உட்கார்ந்திருக்கிறது, அதைப் பார்த்தால் பந்தாகவே தெரியவில்லை. என் மனைவி ரேணுகாவுக்கு இந்த ஹேண்டிகேப் விவகாரத்தை ஒருமுறை விளக்கினேன். எழுபத்திரண்டு அடியில் முடிக்க வேண்டிய மைதானத்தை நான் எண்பத்தொன்றில் முடித்தால் என் எண் ஒன்பது, தொண்ணூற்று மூன்றில் முடிக்கிறவன் எண் இருபத்தொன்று, எண் குறையக் குறைய ஆள் கெட்டிக்காரன் என்றேன். "அப்ப சுகர் மாதிரின்னு சொல்லுங்க" என்றாள், மாத்திரை டப்பாவை மூடிக்கொண்டே. நான் கோபித்துக்கொண்டேன். ஒன்பது என்பது கோயம்புத்தூரில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று தெரியுமா என்றேன். தெரியாது என்றாள். ஓய்வு பெற்ற அன்று மில்லில் போட்ட மலரில் முதல் பக்கத்திலேயே அச்சடித்திருந்தார்கள், முப்பத்தொரு ஆண்டு சேவை, காகித ஆலையின் தலைமைப் பொறுப்பில் பன்னிரண்டு ஆண்டு, கோல்ஃபில் ஒன்பது ஹேண்டிகேப். அந்த வரிசையில்தான். அதை நான்தான் எழுதிக் கொடுத்தேனா, அவர்களாக எழுதினார்களா, இப்போது யோசித்தால் நினைவில்லை.

"நேரமாகுதுங்க சாருங்க" என்கிறான் பட்டீஸ்வரன், பையைத் தோளில் மாற்றிக்கொண்டே. பதினெட்டு வருஷமாக என் பையைச் சுமக்கிறவன், என்னைவிட ஐந்தாறு வயது இளையவன், முடி என்னைவிட வெளுத்துவிட்டது. பின்னால் நாலு பேர் அடுத்த ஆட்டத்துக்காக நிற்கிறார்கள், கையைக் கட்டிக்கொண்டு, ஒருவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொள்கிறார். ஒரு குழிக்குப் பதினான்கு நிமிடம், ஒரு அடிக்கு நாற்பது விநாடி, அதற்குமேல் போனால் எச்சரிக்கை, அப்புறம் தண்டனையாக ஓர் அடி. இந்த விதியைக் கமிட்டியில் உட்கார்ந்து கொண்டுவந்ததே நான்தான், ஆலையில் ஷிப்ட் மாதிரி ஓட வேண்டும் என்று பேசினேன், எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டினார்கள். அடிக்கிறேன். மட்டையில் பந்து பட்ட ஓசையே தப்பு, தகர டப்பாவை உதைத்த மாதிரி, வலது பக்கம் வளைந்து வளைந்து போய் வேப்ப மரங்களுக்குள் விழுகிறது, இலைகள் சலசலக்கின்றன, ஒரு காக்கை எழுந்து பறக்கிறது. "நல்ல அடி சார்" என்கிறார் சிவசைலம்.

நல்ல அடி சார். மரத்துக்குள் போன பந்தைப் பார்த்து நல்ல அடி சார். நான் திரும்பி அவர் முகத்தைப் பார்க்கிறேன், அதில் கேலி இல்லை, பயமும் இல்லை, ஒன்றுமே இல்லை, இருபது வருஷமாக நான் பார்த்த அதே முகம், சின்ன மீசை, நெற்றியில் கீற்றாகத் திருநீறு, திருநெல்வேலிக்காரர், பாய்லர் ஹவுஸ் இன்ஜினியராக வந்து என்னிடம் வளர்ந்து, நான் எழுந்ததும் என் நாற்காலியில் உட்கார்ந்தவர். அவரை நான்தான் கோல்ஃபுக்கு இழுத்து வந்தேன். இன்றைக்குக் குலுக்கலில் எனக்கு ஜோடியாக அவர் பெயர் வந்திருக்கிறது. அவர் என் கார்டை எழுதுவார், நான் அவர் கார்டை எழுதுவேன், அதுதான் முறை, தன் எண்ணிக்கையைத் தானே எழுதக் கூடாது, கூட ஆடுகிறவர்தான் எழுத வேண்டும், அவர் பெயர் மார்க்கர். மார்க்கர் என்கிற அந்தச் சொல்லைத்தான் குரியன் மேடம் காலையில் திரும்பத் திரும்பச் சொன்னார். ஹேண்டிகேப் கமிட்டிக்கு அவர்தான் பொறுப்பு, கணக்கு டீச்சராக இருந்தவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு பேசுவார். "உட்காருங்க வெங்கடபதி, இது புகார் இல்ல. உங்க கடைசி இருபது கார்டை எடுத்துப் பார்த்தேன். பதினொரு கார்டுல மார்க்கர் உங்க கம்பெனிக்காரங்க. ஒன்பது கார்டுல குலுக்கல்ல வந்த வேற வேற ஆளுங்க. அந்தப் பதினொண்ணையும் வெச்சா உங்க எண் ஒன்பது. இந்த ஒன்பதை வெச்சா இருபத்தொண்ணு. ஒரே வருஷம், ஒரே மைதானம்." வயசாகிறது, இடுப்பு வலி என்று சொன்னேன். "ஒரு ஞாயித்துக்கிழமை இடுப்பு வலி, அடுத்த ஞாயித்துக்கிழமை இல்லை, அதுக்கடுத்த வாரம் மறுபடி வலியா?" என்று கேட்டார், கிண்டலாக இல்லை, ஒரு பையன் கணக்கில் எங்கே தவறினான் என்று நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற டீச்சர் மாதிரி. "ஏமாத்தறவங்களை நிறையப் பார்த்திருக்கேன். அவங்க எண்ணைக் கூட்டிக் காட்டுவாங்க, அப்பத்தான் சலுகை அடி நிறையக் கிடைச்சு கோப்பை ஜெயிக்கலாம். நீங்க குறைச்சிருக்கீங்க. குறைச்சா தோத்துத்தானே போவீங்க? யாருக்காக இது? எனக்குப் புரியலை." எனக்கும் புரியவில்லை மேடம், நான் எதையும் குறைக்கவில்லை மேடம், நான் ஒரு தடவைகூட யாரிடமும் குறைத்து எழுது என்று சொன்னதில்லை மேடம். அதைச் சொன்னேனா? சொல்லவில்லை. நன்றி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நன்றி! எதற்கு நன்றி சொன்னேன்?

மரங்களுக்குள் நிழல் குளிர்ச்சியாக இருக்கிறது, சருகு காலில் நொறுங்குகிறது. பட்டீஸ்வரன் முன்னால் போய்க் குனிந்து தேடுகிறான். சிவசைலம் அவருடைய பந்துக்குப் போய்விட்டார், நடுவில் அழகாகக் கிடக்கிறது அது, அவர் எப்போதும் நேராகத்தான் அடிப்பார், ஆனால் என்னைவிட அவருடைய எண்ணிக்கை ஒவ்வொரு வாரமும் ஐந்தாறு கூடத்தான் இருக்கும், அது எப்படி என்று ஒரு நாளாவது எனக்குத் தோன்றியதா. "கெடைச்சுதுங்க" என்கிறான் பட்டீஸ்வரன். பந்து மரத்தண்டை ஒட்டி வேருக்கு இடையில் இருக்கிறது, அதை அடிக்கவே முடியாது. என் பந்து இப்படி ஓர் இடத்தில் கிடந்து நான் பார்த்ததே இல்லை. பதினெட்டு வருஷத்தில் பார்த்ததே இல்லை. மரத்துக்குள் போகும், பட்டீஸ்வரன் ஓடுவான், நான் போய்ச் சேரும்போது பந்து திறந்த வெளியில், புல்மேல் பூ மாதிரி இருக்கும். அதிர்ஷ்டக்காரர் சார் நீங்கள் என்பார்கள். "பட்டீஸ்வரா, உண்மையைச் சொல்லுப்பா. பந்து எங்க கிடந்தது?" அவன் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறான், கண்ணை இடுக்கிக்கொண்டு. "இன்னைக்குக் கெடந்ததைக் கேக்கறீங்களா, எப்பவும் கெடக்கறதைக் கேக்கறீங்களா?" என்கிறான்.

எப்பவும். "எப்பவும் என்ன?" என்று கேட்கிறேன், கேட்கிற குரல் என்னுடையதாக இல்லை. "மரத்துக்குள்ள போறப்ப எல்லாம் கால்ல கொஞ்சம் தள்ளி வெச்சுருவமுங்க. இன்னைக்குப் பலகையில நெம்பரு மாத்திட்டாங்கன்னு சொன்னாங்க, அதான் தள்ளுலீங்க." யார் தள்ளச் சொன்னது? "ஆரும் சொல்லுலீங்க" என்கிறான். "ஆரும் சொல்லாமயா பதினெட்டு வருஷம்?" "ஒருக்கா, மொத வருசம், பந்து பள்ளத்துல கெடக்குதுன்னு சொன்னனுங்க. நீங்க ஒண்ணும் சொல்லுலீங்க. மூணு வாரம் வேற ஆளைக் கூட்டிட்டுப் போனீங்க." பையைத் துடைக்கிறான், துடைக்க அங்கே ஒன்றுமில்லை. "சாருக்குப் புடிக்காதுன்னு தெரிஞ்சுக்கிட்டனுங்க, அவ்வளவுதானுங்க." மூன்று வாரம். எனக்கு அது நினைவே இல்லை. நினைவில்லாத ஒன்றுக்காக ஒரு மனிதன் பதினெட்டு வருஷம் கால்விரலால் பந்தைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறான். நான் அடிக்கிறேன், பந்து மரத்தில் பட்டுத் திரும்பி என் காலருகே வருகிறது, இரண்டு. பக்கவாட்டில் தட்டி வெளியே எடுக்கிறேன், மூன்று. வெயிலுக்கு வருகிறேன், கண் கூசுகிறது. மூன்று மூன்று மூன்று என்று சொல்லிக்கொள்கிறேன், சொல்லாவிட்டால் மறந்துவிடும்போல் இருக்கிறது, நான் எண்ணியதே இல்லை, எண்ணுவது எனக்காக வேறு யாரோ செய்கிற வேலையாக இருந்திருக்கிறது.

அப்படியானால் வேறென்ன. நடந்துகொண்டே கேட்டுக்கொள்கிறேன், வேறென்ன, வேறென்ன, ஷூவின் ஆணி புல்லில் ஒவ்வோர் அடிக்கும் அதையே சொல்கிறது. காலை எட்டரை மணிக் கூட்டத்தில் நான் சொல்லும் வேடிக்கைக்குப் பன்னிரண்டு பேரும் சிரிப்பார்களே, அது. பிரிவு உபசாரத்தில் அக்கவுண்ட்ஸ் பெண் அழுதாளே, அது. என் யோசனையால்தான் மூன்றாவது மெஷினில் காகிதம் கிழிவது நின்றது என்று சொன்னார்களே, கிழிவது நின்றதா, கிழிவதை எழுதுவது நின்றதா. வீட்டில் ரேணுகா, நான் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, பரவாயில்லை என்றாள், அவள் ஒருத்திதான் பரவாயில்லை என்கிற சொல்லை என்னிடம் பயன்படுத்துகிறவள், அதற்காக நான் ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தேன். எல்லா எண்களும் வரிசையாக வந்து நிற்கின்றன, ஈரப்பதம், டன் கணக்கு, விடுப்பு, மெஷின் நின்ற நேரம், எல்லாம் பச்சைக் கட்டத்துக்குள், எல்லாம் அழகான கையெழுத்தில், பாய்லர் ஹவுஸின் மணிக்கொரு தடவை எழுதும் அந்த நீலப் புத்தகம், அதில் அழுத்தம் நாற்பத்தைந்து நாற்பத்தைந்து நாற்பத்தைந்து என்று, இல்லை, அங்கே போகாதே, அது விசாரணை முடிந்த விஷயம், அது கோல்ஃப் இல்லை, இது வெறும் விளையாட்டு, அதையும் இதையும் கலக்காதே. நான்காவது அடி மணல்குழிக்குள் போகிறது. மணல் பறந்து வாயில் விழுகிறது, ஐந்து, இன்னும் உள்ளேயே. ஆறு, வெளியே. பல்லில் மணல் நறநறவென்கிறது. மாரப்பன்.

பெயர் வந்துவிட்டது. பாய்லர் ஹவுஸில் வேலை பார்த்த மாரப்பன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீராவிக் குழாயின் இணைப்பு பிய்த்துக்கொண்டு அவன்மேல் அடித்தது, ஆறாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். வடிகால் வால்வை அனுமதியில்லாமல் தன்னிச்சையாகத் திறந்தான், அதனால் நேர்ந்தது, தொழிலாளியின் கவனக்குறைவு. அந்த வாக்கியத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். அவன் மனைவி என் அறைக்கு வந்தாள், உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை, மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அவரு தப்புன்னு மட்டும் எழுதாதீங்கய்யா, மத்ததெல்லாம் நீங்க சொல்றபடி" என்றாள். நான் ஆவணத்தைக் காட்டினேன். அழுத்தம் நாற்பத்தைந்து, பாருங்கம்மா, நாற்பத்தைந்து, எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. அவளுக்குப் படிக்கத் தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியாது. விரலை அந்த எண்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த நாற்பத்தைந்தை எழுதியது யார்? அந்த நாற்பத்தைந்தை எழுதியவருக்கும் இந்தக் கார்டில் ஆறை நான்காக்குகிறவருக்கும்

"சார்." பேட்டரி வண்டி பக்கத்தில் வந்து நிற்பதே எனக்குத் தெரியவில்லை. மைதானத்தில் நேரம் கண்காணிக்கிற மார்ஷல் அன்வர் பாஷா, கையில் கடிகாரம், முகத்தில் சங்கடம். "சார், மன்னிச்சுக்கோங்க. முன்னாடி ஒரு குழி மொத்தமா காலியா கிடக்கு. நீங்க நாலு நிமிஷம் பின்தங்கிட்டீங்க. இது முதல் எச்சரிக்கை சார், எழுதிக்கறேன்." எழுதிக்கொள்ளுங்கள் என்கிறேன். அவர் இரண்டு முறை என்னைப் பார்க்கிறார், நான் கோபிக்கவில்லை என்பது அவருக்கு நம்பிக்கையாக இல்லை. "பின்னாடி ஆளு நிக்கறாங்க சார், அதான்" என்கிறார். பின்னாடி ஆளு நிக்கறாங்க. அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்த வாக்கியம். எங்கே சொன்னேன், யாரிடம், மண்டைக்குள் ஒரு கதவு ஆடுகிறது, அதைப் பிடித்து மூடப் பார்க்கிறேன், வண்டி கிர்ரென்று போய்விட்டது, சிவசைலம் பச்சைத் திடலின் ஓரத்தில் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எனக்காக நிற்கிறார், போன் பிடிக்கிற கை மாதிரி என் இடது கை தானாகக் காதுக்குப் போகிறது. போன். அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கும் இதே மைதானம், எட்டாவது குழி என்று நினைக்கிறேன், அன்றைக்கு சிவசைலம் டூட்டியில் இருந்தார், என் கார்டை எழுதியவர் வேறொருவர். மார்ஷல் ஒரு முறை எச்சரித்துவிட்டுப் போயிருந்தார், இன்னொரு முறை வந்தால் ஓர் அடி தண்டனை, நான் கொண்டுவந்த விதியில் நானே மாட்டினால் எவ்வளவு கேவலம், அப்போதுதான் போன் அடித்தது. "சார், பாய்லர்ல பிரஷர் கொஞ்சம்" என்று ஆரம்பித்தார். திங்கட்கிழமை ஜெர்மனியிலிருந்து ஆய்வுக்கு ஆட்கள் வருகிறார்கள், பாய்லரை நிறுத்தினால் மெஷின் ஓடாது, நின்ற மெஷினையா காட்டுவது. நான் என்ன சொன்னேன், சொல்லிப் பார், வார்த்தை வார்த்தையாகச் சொல்லிப் பார். "சைலம், சீக்கிரம் சொல்லுங்க, பின்னாடி ஆளு நிக்கறாங்க. நாப்பத்தஞ்சுக்குள்ளதானே இருக்குது?" அப்புறம் ஓர் இடைவெளி. எவ்வளவு நேரம்? மூன்று விநாடி, நான்கு விநாடி, அங்கே நீராவி இரைகிற சத்தம் போனில் கேட்டது, இங்கே யாரோ பின்னால் செருமினார்கள், அந்த நான்கு விநாடியும் எனக்குத் தெரிந்திருந்தது, அது என்ன இடைவெளி என்று எனக்குத் தெரிந்திருந்தது, முப்பத்தொரு வருஷம் ஆலையில் இருந்தவனுக்கு அது தெரியாதா. "ஆமா சார்" என்றார். "அப்ப சரி" என்றேன். அடித்தேன். பந்து குழியில் விழுந்தது. கைதட்டினார்கள்.

காலடியில் பச்சைத் திடலின் புல், சவரம் செய்த கன்னம் மாதிரி. என் பந்து குழிக்கு எட்டடி தள்ளி இருக்கிறது. ஏழாவது அடியில் இங்கே வந்து சேர்ந்திருக்கிறேன், ஏழா, ஏழுதான், மணலிலிருந்து வந்தது ஓரத்தில் நின்றது, அங்கிருந்து ஒன்று. "சைலம்," என்கிறேன், "நான் இப்ப அடிக்கப் போறது எனக்கு எத்தனாவது அடி?" அவர் கார்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்க்கிறார். ஒரு கேள்விக்கு விடையை என் முகத்தில் தேடுகிற அந்தப் பார்வை, இதை நான் மரியாதை என்று நினைத்திருந்தேன். "அஞ்சுங்களா சார்?" "நீங்கதான் மார்க்கர். நீங்க சொல்லுங்க." கொடிக்கம்பத்தின் துணி படபடக்கிறது. பின்னால் அந்த நாலு பேரில் ஒருவர், "சார், ஆடறீங்களா இல்லீங்களா?" என்று தூரத்திலிருந்து கத்துகிறார். நாற்பது விநாடி ஓடிக்கொண்டிருக்கிறது, ஓடட்டும். "அன்னைக்கு ஞாயித்துக்கிழமை நீங்க போன் பண்ணினப்ப கேஜ் என்ன காட்டுச்சு?"

எந்த ஞாயிற்றுக்கிழமை என்று அவர் கேட்கவில்லை. அதுதான் என்னை முதலில் அடித்தது. எந்த ஞாயிற்றுக்கிழமை, எந்த கேஜ், ஒன்றும் கேட்கவில்லை. ஆறு வருஷமாக இந்தக் கேள்விக்காக அவர் வரிசையில் நின்றுகொண்டிருந்தவர் மாதிரி, கொடிக்கம்பத்தை மெதுவாகப் புல்மேல் படுக்க வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அம்பத்தொண்ணு சார்." என்ன? "அம்பத்தொண்ணு. சேஃப்டி வால்வு தூக்கலை, சிக்கிக்கிட்டு. நிறுத்தட்டுமான்னு கேக்கத்தான் பண்ணுனேன். நீங்க நாப்பத்தஞ்சுக்குள்ளதானேன்னீங்க. ஆமான்னுட்டேன்." அவருடைய பேச்சு மாறிக்கொண்டே வருகிறது, இருபது வருஷத்தில் நான் கேட்டிராத ஊர்ப் பேச்சு அதற்குள்ளிருந்து கிளம்புகிறது. "போனை வெச்சுட்டு என்ன செய்யன்னு தெரியல சார். மாரப்பனைக் கூப்பிட்டு, மெதுவா வடிகாலைத் தொறந்து விடுடே, கொஞ்சம் எறங்கட்டும்ன்னேன். நாந்தான் சொன்னேன். அவன் தொறந்தான். அனுமதியில்லாமத் தொறந்தான்னு நீங்க எழுதிட்டு, இப்படித்தானே சைலம்னு எங்கிட்டக் கேட்டீங்க. அதுக்கும் ஆமான்னுட்டேன்." இப்படித்தானே சைலம். கேட்டேன். கேட்டேன், ஆம், பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே கேட்டேன். இருபது வருஷமாக எல்லாவற்றையும் அப்படித்தான் கேட்டிருக்கிறேன், இப்படித்தானே, அப்படித்தானே, கேள்வி மாதிரி ஒன்றை நீட்டி, அதன் முனையிலேயே விடையையும் கட்டி. ஏன் சொல்லவில்லை நீங்கள், அப்புறமாவது ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாய் திறக்கிறேன், பட்டீஸ்வரனின் மூன்று வாரம் ஞாபகம் வருகிறது, வாயை மூடிக்கொள்கிறேன். "வருசா வருசம் அந்தத் தேதிக்கு அவன் வீட்டுக்குப் போறேன் சார்" என்கிறார் சிவசைலம். "தெருமுக்கு வரைக்கும். அதுக்கு மேல போனதில்ல."

உட்கார இடமில்லை, பச்சைத் திடலில் உட்காரக் கூடாது என்பதும் ஒரு விதி, உட்கார்ந்துவிடுகிறேன். புல் ஈரமாக இருக்கிறது. ஓர் எறும்பு என் பந்தின்மேல் ஏறி இறங்குகிறது. அவன் காப்பாற்றத்தான் திறந்திருக்கிறான். ஐம்பத்தொன்று அழுத்தத்தில் அந்த வால்வுக்குக் கீழே போய் நிற்கிறவனுக்குப் பயம் இருந்திருக்காதா, எல்லாம் தெரிந்த ஆள், பத்து வருஷ அனுபவம், சொன்னார்கள், போனான், திறந்தான். நான் அதைக் கவனக்குறைவு என்றேன். இங்கே, இந்தப் புல்மேல், ஓர் அடி தண்டனை வந்துவிடக் கூடாதே என்பதற்காக. என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று காலையிலிருந்து எத்தனை தடவை நினைத்தேன், குரியன் மேடத்தின் அறையிலிருந்து வெளியே வரும்போது, மரத்தடியில், மணலில். யார் யாரை. எட்டுத் தடவை அடித்துவிட்டு நாலு என்று கேட்கும்போது என் காதுக்குத் தெரியாதா, என் கைக்குத் தெரியாதா. தெரிந்துதான் இருந்தது. தெரிந்திருக்கிறது என்பதுகூடத் தெரிந்துதான் இருந்தது. எழுந்து நின்று பந்தை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிறேன், பின்னால் நிற்கிறவர்களைப் பார்த்துக் கையை வீசுகிறேன், போங்க, நீங்க போங்க. அன்வர் பாஷா வண்டியில் வேகமாக வருகிறார். "சார், குழியில போடாம எடுத்தா ஆட்டத்திலிருந்தே நீக்கம் சார்." தெரியும் அன்வர், என்கிறேன், நீக்கிடுங்க. சிவசைலத்திடம் திரும்பி, "வாங்க, கார் இருக்குது, இப்பவே அந்த அம்மாவைப் போய்ப் பார்த்துட்டு வந்தர்லாம்" என்கிறேன்.

"இல்ல சார்" என்கிறார் சிவசைலம். அவர் சொன்னது சரியாகக் காதில் விழவில்லையோ என்று நிற்கிறேன். "நான் வரல. நீங்களும் போவேண்டாம். இப்பம் போயி அந்த அம்மா முன்ன நின்னா நமக்கு மனசு ஆறும், அவங்களுக்கு என்ன கெடைக்கும்? அவன் தப்பில்லன்னு எழுத்துல வரணும். அதைத்தான் அவங்க கேட்டாங்க. எழுதுங்க சார். பாய்லர் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு. நான் கையெழுத்துப் போடுதேன். எனக்கு என்ன ஆனாலும் சரி, போடுதேன்." இல்ல என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை, ஒருமுறைகூட. அவருக்கு இன்னும் நாலு வருஷ சர்வீஸ் இருக்கிறது, இரண்டாவது பெண் மருத்துவம் படிக்கிறாள். அந்த இல்ல முகத்தில் அறைந்த மாதிரி இருக்கிறது, அறைந்த இடத்தில் ரத்தம் ஓடுவது தெரிகிறது. பட்டீஸ்வரன் ஒன்றும் கேட்காமல் பையைத் தூக்கிக்கொள்கிறான். வெயிலில் மூன்று பேரும் குறுக்கே நடக்கிறோம், ஆட்டம் நடக்கிற திசைக்கு எதிராக, யாரோ பார்த்து வாங்க என்று கத்துகிறார்கள்.

கிளப்பின் வாசிப்பு அறையில் மின்விசிறி கடகடக்கிறது. குரியன் மேடம் காகிதம் கொடுத்துவிட்டு, எதற்கு என்று கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார். கை பழக்கத்தில் எழுதுகிறது, பொருள், பார்வை, விபத்து நாளன்று கொதிகலனின் அழுத்தம் ஐம்பத்தொன்றாக இருந்தது மேல் அதிகாரிக்குத் தெரிவிக்கப்படவில்லை. எழுதி முடித்தபோது அழகாகத்தான் இருக்கிறது. சிவசைலம் தோளுக்கு மேலே குனிந்து படிக்கிறார், அவருடைய மூச்சு என் காதில் படுகிறது. "இல்ல சார்" என்கிறார் மறுபடியும். "தெரிவிக்கத்தானே போன் பண்ணுனேன்." அந்த வரியை அடிக்கிறேன். தெரிவிக்க முயன்றபோது என்று எழுதி நிறுத்துகிறேன். யார் என்ற இடத்தில் பேனா நிற்கிறது, தமிழில் அந்த யாரை எழுதாமலே ஒரு பக்கம் முழுக்க எழுதிவிடலாம், எனக்கு அது நன்றாகத் தெரியும், அப்படி எத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். நான் என்று எழுதுகிறேன். நான் கேட்க மறுத்தேன். சேஃப்டி வால்வு பழுது என்பதை நான் அறிய விரும்பவில்லை. திறக்கும்படி உத்தரவிட்டது நான் என்று அவர் பேனாவை வாங்கித் தன் பங்கைத் தானே எழுதுகிறார், பள்ளிக்கூடப் பையன் மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு. முழுவதையும் இருவரும் ஒருமுறை படிக்கிறோம். என் பெயர் ஐந்து இடத்தில், அவர் பெயர் நாலு இடத்தில். "மாரப்பன் பேரு கடைசியில போயி வருது சார்" என்கிறார். "அவன் பேருதான் முதல்ல வரணும்."

புதுத் தாள் எடுக்கிறேன். அவன் பெயரை எழுதப் போகிறேன், இந்த மாதிரிக் கடிதத்தில் தகப்பன் பெயரோடுதான் எழுத வேண்டும், எனக்குத் தெரியவில்லை, விசாரணை அறிக்கையில் நான் கையெழுத்துப் போட்ட இடத்துக்கு மூன்று வரி மேலே அது இருந்திருக்கும், படித்திருக்க மாட்டேன். சிவசைலத்தைத் திரும்பிப் பார்க்கிறேன். எப்படிக் கேட்பது என்று வாயில் ஒருமுறை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

"மாரப்பனோட அப்பா பேரு என்னங்க?"

"சென்னிமலை" என்கிறார்.

சென்னிமலை மகன் மாரப்பன் என்று எழுதுகிறேன்.